ஹாட் டப் வைக்க இடத்தைத் தயார் செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஹாட் டப், அதாவது பல பேர் உட்கார்ந்து வெந்நீரில் ஊறும் தொட்டி, வாங்கலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது எத்தனை பேர் உட்காரலாம், தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் எத்தனை இருக்கிறது என்பதைத்தான். அது எதன் மேல் உட்காரப் போகிறது என்ற கேள்வி பெரும்பாலும் டெலிவரிக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் வருகிறது. அந்த நாலு நாளில் கான்கிரீட் இறுகாது, கேபிளுக்குப் பள்ளம் தோண்டி முடியாது. கிடைத்த மூலையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். தண்ணீர் நிரப்பிவிட்டால் அப்புறம் தொட்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தொட்டியை மதிலை ஒட்டி வைத்தோம். பம்ப், ஹீட்டர், கன்ட்ரோல் பெட்டி எல்லாம் இருக்கும் பக்கம் மதிலைப் பார்த்து நின்றது. நடுவில் ஒரு முழம் இடைவெளிதான். மூன்றாவது வருடம் பம்ப்பின் சீல் போய்த் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. சரிசெய்ய வந்தவரால் பக்கப் பலகையைக் கழற்றவே முடியவில்லை. 1,400 லிட்டர் தண்ணீரையும் இறைத்துவிட்டு, ஆறு பேர் சேர்ந்து தொட்டியைத் திருப்பி வைத்த பிறகுதான் அவர் வேலையைத் தொடங்கினார். சீல் மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த சீலை எட்டுவதற்கு இரண்டு நாள் ஆனது. அதனால்தான் என்னிடம் கேட்பவர்களிடம், தொட்டி வந்திறங்கும் நாளைவிட அது பழுதாகும் நாளை மனதில் வைத்து இடத்தைத் தயார் செய்யச் சொல்கிறேன்.

முதலில் எடைக் கணக்கு

இடத்தைத் தேடும் முன்பே ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. ஐந்தாறு பேர் உட்காரும் தொட்டி என்றால் 1,400 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். காலித் தொட்டி 350 கிலோ. ஆளுக்கு 75 கிலோ வீதம் ஆறு பேருக்கு 450 கிலோ. மொத்தம் 2,200 கிலோ. தொட்டியின் அடிப்பரப்பு 2.1 மீட்டருக்கு 2.1 மீட்டர், அதாவது சுமார் 4.4 சதுர மீட்டர். ஆக, ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 500 கிலோ இறங்குகிறது.

வீட்டு அறைகளின் தளத்தைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை ஆள், சாமான் சுமை தாங்கும்படிதான் வடிவமைப்பார்கள். ஹாட் டப் அதைப்போல இரண்டரை மடங்கு கேட்கிறது. அதுவும் திருவிழாக் கூட்டம் போல வந்து போகும் சுமை இல்லை, வருடக்கணக்கில் இராப்பகலாக அதே இடத்தில் நிற்கும் சுமை. மாடியிலோ பால்கனியிலோ வைக்க ஆசைப்பட்டால், கட்டட வரைபடத்தோடு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பாருங்கள். "நாலு பேர் குதித்தும் ஒன்றும் ஆகவில்லையே" என்று கொத்தனார் சொல்வதை நம்பி மாடியில் ஏற்றாதீர்கள். காற்றடைக்கும் ரகத் தொட்டியும் இந்தக் கணக்கிலிருந்து தப்பாது. மடித்தால் கையில் தூக்கிவிடலாம், நிரப்பினால் அதுவும் ஒரு டன்னைத் தொடும்.

உங்கள் மாடலின் காலி எடை, கொள்ளளவு, நீள அகல உயரம், எந்தப் பக்கம் கழற்றும் பலகை, கேபிள் எந்த மூலையில் நுழைகிறது ஆகிய எல்லாம் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். தொட்டி வருவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். கீழே நான் சொல்லும் எந்த அளவும் அந்தக் கையேட்டோடு முரண்பட்டால், கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

ஒரு கயிற்றை எடுத்துத் தொட்டியின் அளவுக்கே தரையில் சதுரம் போடுங்கள். ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும். காலையில், உச்சிவெயிலில், இரவில், முடிந்தால் மழை பெய்யும்போதும் போய்ப் பாருங்கள். எந்த வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, கூரையிலிருந்து கொட்டும் மழைத் தண்ணீர் எங்கே விழுகிறது, இலை எவ்வளவு உதிர்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மரத்தடி நிழல் இதமாகத்தான் இருக்கும், ஆனால் பிசின் வடியும் மரமோ சிறு இலை உதிர்க்கும் மரமோ ஃபில்டரை வாரத்துக்கு இரண்டு தடவை கழுவ வைத்துவிடும். வீட்டுக் கதவிலிருந்து எத்தனை எட்டு என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஈரத் துணியோடு குளிரில் இருபது மீட்டர் நடக்க வேண்டியிருந்தால், இரண்டாவது மாதத்திலிருந்து தொட்டியை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

தலைக்கு மேல் மின்கம்பி போகும் இடத்தை அப்போதே விட்டுவிடுங்கள். தரைக்கடியில் செப்டிக் டேங்க், குடிநீர்ச் சம்ப், கழிவுக் குழாய், கேஸ் குழாய் எது ஓடினாலும் அதன் மேலும் வேண்டாம். குழாய் என்றைக்காவது கசியும், அன்றைக்கு அதன் மேல் இரண்டு டன் நிற்கும்.

பம்ப், ஹீட்டர் இருக்கும் பக்கம் குறைந்தது 90 சென்டிமீட்டர் காலியாக இருக்க வேண்டும். ஒரு ஆள் மண்டியிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் கருவிப் பெட்டியை வைத்துக்கொள்ளும் அளவு அது. மற்ற மூன்று பக்கமும் 60 சென்டிமீட்டர் விடுங்கள், ஏனென்றால் உள்குழாய் எந்தப் பக்கமும் கசியலாம். மூடியைத் தூக்கி மடிக்கும் லிவர் பொருத்துவதாக இருந்தால், அது சாயும் பக்கம் 45 முதல் 60 சென்டிமீட்டர் தனியாக வேண்டும். இந்த இடைவெளிகளையும் கயிற்றில் சேர்த்துப் போட்டுப் பார்த்தால், "இடம் தாராளம்" என்று நினைத்த பலருக்குத் தொட்டியின் அளவையே குறைக்கத் தோன்றும். அது நல்லதுதான்.

உள்ளே கொண்டுவரும் வழி

தொட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தித்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்போது அதன் உயரம் அகலமாகிவிடும், அகலம் உயரமாகிவிடும். 95 சென்டிமீட்டர் உயரமுள்ள தொட்டிக்கு 1.1 மீட்டராவது அகலமான வழி வேண்டும். 2.1 மீட்டர் அகலமுள்ள தொட்டி, தள்ளுவண்டியையும் சேர்த்து 2.3 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். கேட், சன்ஷேடு, ஏசியின் வெளி யூனிட், துணிக்கொடி, மாடிப்படியின் அடிப்பாகம் இவையெல்லாம்தான் இடிக்கும்.

நேர்வழியை டேப் வைத்து அளந்துவிடலாம், திருப்பம்தான் ஏமாற்றும். நான் மெல்லிய மரச்சட்டம் நாலை அடித்து, தொட்டியின் பக்கவாட்டு அளவில் ஒரு கூடு செய்து, இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு தெருவிலிருந்து இடம்வரை நடந்து பார்த்தோம். ஒரு திருப்பத்தில் அட்டைபோல மாட்டிக்கொண்டது. கேட்டின் ஒரு கதவைக் கழற்றினால் போதும் என்று அன்றைக்கே தெரிந்தது. வழியே இல்லை என்றால் கிரேன் வைத்து மேலே தூக்கி இறக்கலாம். வண்டி நிற்க இடம், அதன் கை நீளும் தூரம், நடுவில் மின்கம்பி இருக்கிறதா என்பதை கிரேன்காரரை முன்னாலேயே வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடித்தளம்

இந்த வேலையில் நேரமும் கவனமும் அதிகம் கேட்பது இதுதான். தொட்டியின் அடிப்பாகம் முழுவதும் தரையில் படிந்திருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் தாழ்ந்தால் தண்ணீரின் பாரம் அந்தப் பக்கம் சாய்ந்து, தொட்டியின் உடலில் முறுக்கம் விழுந்து, நாளடைவில் விரிசலும் குழாய் மூட்டுகளில் கசிவும் வரும். தாழ்ந்த மூலைக்கு ஆப்புக்கட்டை கொடுத்து நிமிர்த்துவது இன்னும் மோசம், பாரம் முழுவதும் அந்தக் கட்டை இருக்கும் புள்ளியில் விழும். பல தயாரிப்பாளர்கள் அதற்கு வாரன்டியே தர மாட்டார்கள். தளம்தான் மட்டமாக இருக்க வேண்டும், தொட்டியைப் பிறகு மட்டப்படுத்த முடியாது.

நிரந்தரமாக வைப்பதற்குக் கம்பி போட்ட கான்கிரீட் தளத்தையே நான் பரிந்துரைப்பேன். 2.1 மீட்டர் தொட்டிக்குச் சுற்றிலும் 25 சென்டிமீட்டர் கூடுதலாக, 2.6 மீட்டர் சதுரம் போடுங்கள்.

முளை அடித்து நூல் கட்டி, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால்தான் சதுரம் சரி. அப்புறம் மேல்மண்ணை வெட்டி எடுங்கள். வேரும் மட்கிய குப்பையும் கலந்த மண் பாரத்தில் அமுங்கும், அது துளியும் இருக்கக் கூடாது. சாதாரண மண்ணில் 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழம் போதும். ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும் களிமண்ணாக இருந்தாலோ, ஏற்கெனவே மண் கொட்டி மேடாக்கிய இடமாக இருந்தாலோ இன்னும் ஆழமாகப் போய்க் கெட்டித் தரையைத் தொட வேண்டும். இந்த இரண்டு வகை மண்ணிலும் இன்ஜினியரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். ஒரு கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஓர் இடத்தில் சட்டென்று இறங்கி, பக்கத்தில் இறங்காமல் நின்றால் அந்த மண் ஒரே சீராக இல்லை என்று அர்த்தம்.

குழியின் அடியைத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்குங்கள். அதன்மேல் 10 சென்டிமீட்டர் ஜல்லி பரப்பி மறுபடி இறுக்குங்கள். ஜல்லி, பாரத்தைப் பரப்புவதோடு அடியில் தண்ணீர் தேங்காமலும் பார்த்துக்கொள்கிறது. மண் உறையும் அளவு குளிரும் இடங்களில் அந்த வடிதல் மிக முக்கியம், தேங்கிய நீர் உறைந்து தளத்தையே தூக்கிவிடும். ஜல்லியின் மேல் தடித்த பிளாஸ்டிக் தாள் விரித்து, சுற்றிலும் கான்கிரீட்டை வார்க்கும் சென்ட்ரிங் பலகை அடியுங்கள். 8 மில்லிமீட்டர் கம்பியை இரண்டு திசையிலும் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கட்டி, கீழே 5 சென்டிமீட்டர் கவர் பிளாக் (கம்பியைத் தாங்கும் சின்னக் கட்டை) வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். கம்பி ஜல்லியிலேயே படுத்துக் கிடந்தால் கான்கிரீட்டுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மின் கேபிளும் வடிகால் குழாயும் தளத்துக்கு நடுவே வரவேண்டுமானால் அவற்றுக்கான பிவிசி குழாயை இப்போதே, கையேடு காட்டும் இடத்தில் பதித்துவிடுங்கள். எர்த்திங் இணைப்பைத் தளத்தின் கம்பியோடு சேர்க்க வேண்டுமா என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் இந்தக் கட்டத்திலேயே கேளுங்கள். கான்கிரீட் கொட்டிய பிறகு அதற்கு வழியில்லை.

மட்டம் பார்க்க இரண்டு முனையும் திறந்த, கண்ணாடி போலத் தெளிவான டியூப்தான் எனக்கு எப்போதும் நம்பிக்கை. பத்து மீட்டர் டியூபில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை முதல் மூலைப் பலகையோடு பிடித்து, மறுமுனையை அடுத்த மூலைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே தண்ணீர் மேலும் கீழுமாக ஆடும். ஆடி ஓயும்வரை பொறுத்திருந்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். நாலு மூலைக்கும் இப்படி எடுத்த கோடுதான் கான்கிரீட்டின் மேல்மட்டம். ரசமட்டம் ஒரு மீட்டர் நீளத்தைச் சரியாகக் காட்டும், 2.6 மீட்டரில் அதை மட்டும் நம்ப முடியாது.

சிமென்ட், மணல், ஜல்லி 1:1.5:3 விகிதம். 15 சென்டிமீட்டர் கனத்துக்கு 2.6 மீட்டர் சதுரம் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர் பிடிக்கும், சிமென்ட் மட்டும் 50 கிலோ மூட்டை எட்டு வேண்டும். ஒரே நாளில், இடையில் நிறுத்தாமல் போட்டு முடியுங்கள். வைப்ரேட்டர் விட்டு, மட்டப்பலகையால் இழுத்து, பென்சில் கோட்டோடு ஒத்துப் பாருங்கள். தளத்தின் மேல்முகம் சுற்றுத்தரையைவிட 3 முதல் 5 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் மழைத் தண்ணீர் தொட்டிக்கடியில் நுழையாது. மேல்முகத்தைப் பளபளவென்று வழவழப்பாக்க வேண்டாம், ஈரக் காலுக்குச் சொரசொரப்புதான் பாதுகாப்பு. கான்கிரீட் மேடுபள்ளமில்லாமல் இருப்பது முக்கியம். நீளம் முழுவதற்கும் ஒரு சென்டிமீட்டர் வரை ஒரே சீராகச் சரிந்தால் பெரும்பாலும் குற்றமில்லை, அதற்கு மேல் போனால் திருத்திவிடுங்கள்.

அப்புறம் பொறுமை. ஏழு நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியோ, ஈரச் சாக்கு போர்த்தியோ க்யூரிங் செய்யுங்கள். கான்கிரீட்டின் பலத்தை 28 நாள் கணக்கில்தான் மதிப்பிடுவார்கள். தொட்டியின் டெலிவரி தேதியை அதற்குப் பிறகு வாங்குங்கள். வியாபாரி அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கான்கிரீட் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. இறுக்கிய ஜல்லி மேல் கனமான பேவர் கல் பாவலாம். ஆனால் கல் ஒவ்வொன்றும் தனித்தனியாக அமுங்கக்கூடியது. சிறிய தொட்டிக்கும் காற்றடைக்கும் தொட்டிக்கும் அது சரி. ஒன்றோடொன்று கோக்கும் பிளாஸ்டிக் பலகைகளும் விற்கிறார்கள், அவற்றுக்குக் கீழே உள்ள தரை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுதான் அவையும். பழைய மரத்தளத்தின் மேல் நேரே ஏற்றுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். மரத்தளம் நடுவே தொட்டி தெரிய வேண்டுமானால், தொட்டிக்கு அடியில் தனியாகக் கான்கிரீட் போட்டு, சுற்றிலும் மரத்தளத்தைக் கட்டுவதுதான் நல்ல முறை. தரைக்குள் இறக்கி வைப்பவர்கள் குழியை மண்ணால் மூடிவிடக் கூடாது. சுற்றிலும் ஆள் இறங்கும் இடைவெளி, அடியில் வடிகால், தேங்கும் தண்ணீரை இறைக்கத் தானாக ஓடும் பம்ப் மூன்றும் கட்டாயம். ஒரு கனமழையில் குழி நிரம்பினாலே மோட்டாரும் கன்ட்ரோல் போர்டும் போய்விடும்.

மின்சாரம்

இதை நீங்களே செய்யக் கூடாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், உங்கள் ஊர் மின் விதிகளின்படி. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

மெயின் போர்டிலிருந்து ஹாட் டப்புக்கென்றே தனி லைன் வர வேண்டும், வேறு எந்தச் சாதனமும் அதில் சேரக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்ற பேச்சே வேண்டாம். கொஞ்சம் மின்சாரம் கசிந்தாலும் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் என்பது பரவலான அளவு, இன்னும் குறைவாகக் கேட்கும் நாடுகளும் உண்டு. தொட்டியிலிருந்து 1.5 மீட்டருக்கு மேல் தள்ளி, ஆனால் தொட்டிப் பக்கம் நிற்பவர் கண்ணில் படும்படி லைனை முழுவதும் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் ஒன்றை வையுங்கள். தண்ணீரில் உட்கார்ந்திருப்பவர் கைநீட்டித் தொட முடியாத, பழுது பார்ப்பவர் ஒரே எட்டில் அணைக்கக்கூடிய இடம். பக்கத்தில் இருக்கும் இரும்புக் கைப்பிடி, படிக்கட்டு எல்லாவற்றையும் எர்த்தோடு ஒன்றாகப் பிணைக்கச் சொல்லுங்கள். ஒரு கை தண்ணீரிலும் மறு கை கைப்பிடியிலும் இருக்கும்போது இரண்டுக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு இருந்தால் ஷாக் அடிக்கும். அந்த வேறுபாடு வராமல் செய்வதுதான் இந்தப் பிணைப்பு.

கேபிளின் கனத்தைத் தூரத்தையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏன் என்று ஒரு கணக்கில் புரியும். 1,400 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 29 யூனிட் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் ஹீட்டர் இதற்காகக் கிட்டத்தட்ட பத்து மணி நேரம் நிற்காமல் ஓடும். இவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும்போது மெல்லிய கேபிள் சூடேறும், நீளமான லைனில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறும். பம்ப்பும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் மொத்தம் எத்தனை ஆம்பியர், வீட்டு இணைப்பு அதைத் தாங்குமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வரவும் போக்கும்

நிரப்ப ஒரு ஹோஸ் எட்டினால் போதும். போர்த் தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் போட்டதும் தண்ணீர் பழுப்பாகிவிடும். ஹோஸின் முனையில் ஃபில்டர் மாட்டி நிரப்பினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

வெளியேற்றுவதுதான் யோசிக்க வேண்டியது. மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை 1,400 லிட்டரும் எங்கேயாவது போயாக வேண்டும். தொட்டியின் வடிகால் வால்வு இருக்கும் பக்கம் தரை தாழ்ந்து, வீட்டுச் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். செப்டிக் டேங்கில் விடாதீர்கள், ஒரே மூச்சில் அவ்வளவு தண்ணீரும் குளோரினும் போனால் அதன் வேலை கெடும். செடிகளுக்கு விடுவதாக இருந்தால், மூடியைத் திறந்து சில நாள் வெயிலில் விட்டு, டெஸ்ட் ஸ்டிரிப்பில் குளோரின் பூஜ்ஜியம் காட்டிய பிறகு விடுங்கள். பக்கத்து வீட்டு எல்லைக்குள் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் வைப்பவர்களுக்கு இதோடு நீராவியும் சேரும். தரையில் வடிகால், சுவருக்கு ஈரம் ஏறாத பூச்சு, வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் மூன்றும் இல்லாமல் ஆரம்பித்தால் சில மாதத்தில் கூரையில் பூஞ்சை பிடிக்கும்.

குழந்தைகள் உள்ள வீடு என்றால் பூட்டு வைத்த மூடியும், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவுள்ள வேலியும் தொட்டிக்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும். உள்ளாட்சி அனுமதி தேவையா என்பதையும் வேலை தொடங்கும் முன் விசாரியுங்கள், பல இடங்களில் வேலி பற்றித்தான் விதி இருக்கிறது.

தொட்டி வரும் நாள்

தளத்தைப் பெருக்கிச் சுத்தமாக வையுங்கள். ஒரு சின்ன ஜல்லி அடியில் மாட்டினாலும் பாரம் அதில்தான் விழும். தளத்தின் மேல் பென்சிலால் தொட்டியின் நாலு மூலைகளையும் குறித்து, பம்ப் பக்கம் எது என்று பெரிதாக எழுதிவிடுங்கள். இறக்குபவர்கள் அவசரத்தில் திருப்பி வைத்துவிட்டால், எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

ஃபில்டர் இருக்கும் குழிக்குள் ஹோஸை விட்டு நிரப்புங்கள், அப்போதுதான் குழாய்களில் காற்று அடைத்துக்கொள்ளாது. தண்ணீர் குறித்த அளவுக்கு வரும்வரை மின்சாரத்தைப் போடாதீர்கள். பம்ப் தண்ணீரில்லாமல் ஓடினால் கெட்டுவிடும்.

நிரம்பியதும் எல்லாவற்றையும் அணைத்து, தண்ணீர் ஆடாமல் நிற்கும்போது நாலு மூலையிலும் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம்வரை ஸ்கேல் வைத்து அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்தும், முதல் மழைக்குப் பிறகும் மறுபடி அளங்கள். தண்ணீர் ஆவியாகிக் குறைந்திருந்தால் நாலு அளவும் ஒரே மாதிரி கூடியிருக்கும். ஒரு மூலையில் மட்டும் அளவு குறைந்து எதிர்மூலையில் கூடியிருந்தால், குறைந்த பக்கம் தளம் இறங்குகிறது. அன்றைக்கே தண்ணீரை வெளியேற்றிவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.